எக்ஸ்ரே பார்த்த பிறகு நோ கூடுமா?

தங்கச்சி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 63 வயது, ஒட்டுசுட்டான் பக்கம் கமம். 2009இல் வெடித்த செல்லின் சிறு பீஸ் ஒன்று வலது தோளுக்குள்ளேயே தங்கிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடமாக அப்பா அதை மறந்தே இருந்தார். மண்வெட்டி பிடித்தார், லான்ட்மாஸ்டர் ஓட்டினார், நெல் மூட்டை தூக்கினார். போன வருடம் வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த ஒருவர், "ஐயா, உள்ளே பீஸ் இருக்கு, இது மெல்ல மெல்ல நகரும், கவனம்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கிழமையில் இருந்தே தோள் நோ. அது குளிசைக்குக் கேட்பதில்லை, ஊசிக்குக் கேட்கிறது. தம்பி, "அப்பாவுக்கு மனசிலதான் நோ" என்கிறார். அப்பாவோ ஒப்பரேசன் செய்து பீஸை எடுத்துவிடச் சொல்கிறார். எது உண்மை?

நான் வன்னியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிசியோதெரபி செய்கிறவன். உடம்புக்குள் பீஸ் இருக்கிற ஆட்களைப் பார்க்காத மாதம் எனக்கு இல்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்பாவின் நோ உண்மையான நோ. தம்பி சொல்வது பிழை. ஆனால் அந்த ஒரு வசனம் நோவைக் கூட்டியிருக்குமா என்று கேட்டால், தாராளமாகக் கூட்டியிருக்கும். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கலாம் என்பதுதான் கதை. கொஞ்சம் நீளும்.

அதற்கு முன் பீஸைப் பற்றி ஒரு வார்த்தை. அநேகமான பீஸ்களை உடம்பு நார் போன்ற ஒரு உறைக்குள் கட்டிப் போட்டுவிடும். அதனால்தான் டொக்டர்மார் அவற்றைத் தோண்டி எடுக்க அவசரப்படுவதில்லை. ஆனால் தோள் சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், கை விறைத்தால், கையில் பலம் குறைந்து பொருள்கள் நழுவினால், மூட்டு பாதியில் இறுகி நின்றால், அல்லது பீஸ் மூட்டுக்கு உள்ளேயே இருந்தால் கதை வேறு. அப்போது இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. ஆகவே தொடர்கிறேன்.

நோ என்றால் என்ன? தோளில் ஒரு மணி அடிக்கிறது, அந்தச் சத்தம் வயர் வழியாக மூளைக்குப் போய்க் கேட்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் படிக்கப் போகும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வீட்டில் குடிதண்ணீர்க் கான் வைத்திருப்பீர்கள். நிரம்பிய கான் என்று நினைத்துத் தூக்குகிறீர்கள், ஆனால் யாரோ ஊற்றி முடித்துவிட்டு வெறும் கானை வைத்திருக்கிறார்கள். கை விசுக்கென்று மேலே போய்விடும். ஏன்? தொடுவதற்கு முன்பே மூளை பாரத்தைக் கணக்குப் பார்த்துக் கைக்குச் சொல்லிவிட்டது. கையில் இருந்து வரும் செய்திக்காக அது காத்திருக்கவில்லை. மூளை எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது. வரப்போவதை முன்கூட்டியே ஊகித்து, உடம்பில் இருந்து வரும் செய்தியோடு அந்த ஊகத்தைக் கலந்து, கலந்து வந்ததை உங்களுக்குத் தருகிறது. பாரத்தில் ஊகம் பிழைத்தால் உடனே தெரிந்துவிடும், கான் காட்டிக் கொடுத்துவிடும். நோவில் அப்படித் தெரிவதில்லை. நோவை அளக்கத் தராசு இல்லை. கலந்து வந்தது எதுவோ, அதுதான் உங்கள் நோ.

இது வெறும் தத்துவம் இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒக்ஸ்போர்டில் நடந்து 2011இல் வெளியானது. சுகதேகிகள் 22 பேர். காலில் ஒரு சூட்டுத் தகடு, கையில் சேலைன் ஏற்றுவது போல ஒரு குழாய். முதலில் மருந்து எதுவும் இல்லாமல் சுட்டார்கள். நூறுக்கு எவ்வளவு நோகிறது என்று கேட்டதற்குச் சராசரியாக 66 என்றார்கள். பிறகு ரெமிஃபென்டனில் என்ற கடும் நோ மருந்தை, ஆட்களுக்குச் சொல்லாமலே குழாயில் விட்டார்கள். நோ 55 ஆனது. மருந்து தன் பாட்டில் செய்த வேலை அவ்வளவுதான். அடுத்து, "இப்போதுதான் மருந்தைத் தொடங்குகிறோம்" என்றார்கள். மருந்தின் அளவை ஒரு துளியும் மாற்றவில்லை. நோ 39க்கு இறங்கியது. கடைசியாக, "மருந்தை நிறுத்திவிட்டோம், இனி நோ கூடலாம்" என்றார்கள். உண்மையில் நிறுத்தவில்லை, அதே அளவு ஓடிக்கொண்டே இருந்தது. நோ 64.

அந்த 64ஐக் கொஞ்ச நேரம் பாருங்கள், தங்கச்சி. நரம்பில் கடும் நோ மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஆளுக்கு மருந்தே இல்லாத மாதிரி நோகிறது. ஒரு வசனம் மருந்தின் வேலையை ஏறத்தாழ முழுதாகவே தின்றுவிட்டது. இவர்கள் நடிக்கவும் இல்லை. அதே நேரத்தில் மூளையை ஸ்கான் எடுத்தார்கள், நோவோடு சேர்ந்து இயங்கும் பகுதிகளும் சொன்ன நம்பருக்கு ஏற்றபடியே கூடிக் குறைந்தன.

உங்கள் அப்பாவுக்குக் குளிசை ஏன் கேட்பதில்லை, ஊசி ஏன் கேட்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. ஊசிக்கு வேகம் அதிகம் என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊசி போடும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். வரிசையில் இருந்து பெயர் கூப்பிடுவார்கள். மிஸ் மருந்தை உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, பஞ்சால் துடைத்து, "ஐயா, இனிக் குறையும்" என்று சொல்லிவிட்டுக் குத்துவா. குளிசை எப்படி வருகிறது? சின்னக் கடதாசிப் பையில், மேலே ஒரு கிறுக்கலோடு, ஜன்னல் ஓட்டைக்குள்ளால். எதைப் பார்த்து அப்பாவின் மூளை பெரிய வேலையை எதிர்பார்க்கும்? மருந்தே இல்லாத ஊசியையும் மருந்தே இல்லாத குளிசையையும் ஒப்பிட்டுப் பார்த்ததிலும், தலையிடி, முழங்கால் நோ போன்றவற்றில் வெறும் ஊசிதான் முந்தியது.

இத்தாலியில் துரின் நகரில் ஃபாப்ரிட்சியோ பெனடெட்டி என்பவர் இதையே மறுபக்கமாகச் செய்து காட்டினார். ஒப்பரேசன் முடிந்த ஆட்களில் ஒரு பகுதியினருக்கு டொக்டர் முன்னால் நின்று, சொல்லி, மருந்து போடுவார். மற்றவர்களுக்கு அதே மருந்து, அதே அளவில், எப்போது போகிறதென்று தெரியாமல் ஒரு இயந்திரம் மூலம் போகும். மறைவாகப் போன மருந்து குறைவாகவே வேலை செய்தது. மருந்து உடம்புக்குள் போனால் மட்டும் போதாது, போனது ஆளுக்குத் தெரியவும் வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். மூளைக்குள் ஒரு மருந்துக் கடை இருக்கிறது. எண்டோர்ஃபின் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், மோர்ஃபின் மாதிரி வேலை செய்யும் பொருள், உடம்பே தயாரிப்பது. 1978இல் அமெரிக்காவில் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர் கடைவாய்ப் பல் பிடுங்கிய ஆட்களிடம் இதைச் சோதித்தார்கள். சும்மா தண்ணீர் மாதிரியான ஊசியை மருந்து என்று போட, சிலருக்கு நோ இறங்கியது. பிறகு நலொக்சோன் போட்டார்கள். அது மோர்ஃபினை முறிக்கும் மருந்து. போட்டதும் அந்த ஆட்களுக்கு நோ திரும்பக் கூடியது. நினைவில் மட்டும் நடந்த விஷயம் என்றால் மோர்ஃபின் முறிப்பானுக்கு அங்கே என்ன வேலை? எதிர்பார்ப்பு உடம்புக்குள் உண்மையான மருந்தைத்தான் சுரக்க வைத்திருக்கிறது.

2009இல் ஜேர்மனியில் ஹம்பேர்க்கில் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார்கள். நோ குறையும் என்று நம்பிய ஆட்களில், மூளைக்கு வருவதற்கு முன்பே, முள்ளந்தண்டு நரம்பிலேயே நோச் செய்தி குறைந்திருந்தது. மூளையில் இருந்து கீழே இறங்குகிற ஒரு பாதை இருக்கிறது. நடுமூளையில் தொடங்கி முள்ளந்தண்டு வரை போய், அங்கே வாய்க்கால் கதவு திறக்கிற மாதிரி, மேலே போகும் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். இரணைமடுவில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும், கதவு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுதானே வயலுக்கு வரும்.

கதவு திறந்துகொள்ளவும் செய்யும், அதுதான் அப்பாவின் விஷயம். கெட்டதை எதிர்பார்த்தால் உடம்பில் கொலிசிஸ்டோகைனின் என்ற வேறொரு பொருள் வேலை செய்யத் தொடங்குகிறது. பெயரை மறந்துவிடுங்கள், வேலையை நினைவில் வையுங்கள்: பயத்தை நோவாக மாற்றுகிற வேலை. 1997இல் பெனடெட்டியின் குழு, அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், "நோ கூடப் போகிறது" என்று சொன்னாலும் நோ கூடவில்லை என்று காட்டியது. அதாவது, "இது நகரும், கவனம்" என்ற சொல் காதால் போய் இரசாயனமாக மாறுகிறது. தம்பியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

சொல்லின் வேலைக்கு இன்னொரு சின்ன உதாரணம். 2010இல் வெளியான ஆய்வு, பிரசவத்துக்கு வந்த 140 பெண்கள், முதுகில் விறைப்பு ஊசி போட முன்பு தோலில் ஒரு சிறு ஊசி. பாதிப் பேருக்கு, "பெரிய தேனீ கொட்டின மாதிரி இருக்கும், இதுதான் மோசமான கட்டம்" என்றார்கள். மற்றவர்களுக்கு, "விறைப்பு மருந்து போடுகிறோம், உங்களுக்குச் சுகமாக இருக்கும்" என்றார்கள். நோவுக்குப் பத்துக்கு நம்பர் கேட்டால் முதல் குழு 5, இரண்டாவது குழு 3. தேனீ என்று சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆளைத் தயார்படுத்துகிறோம் என்று நினைத்தே சொல்கிறார்கள். எக்ஸ்ரே பார்த்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நானும் தொழிலுக்கு வந்த முதல் வருடங்களில், "எலும்பு தேய்ஞ்சு போச்சு அம்மா, இனி பாரம் தூக்கக் கூடாது" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏன் வெட்கம்? முதுகு நோ இல்லாத 3110 பேரின் ஸ்கான்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015இல் வந்தது. இருபது வயதுக்காரரிலேயே 37 வீதத்துக்கு முதுகுத் தட்டில் தேய்மானம். எண்பது வயதில் 96 வீதம். நோ இல்லாத ஆட்கள், தெரியும்தானே! தலைமயிர் நரைப்பது மாதிரி ஒன்றைப் படம் பிடித்துக் காட்டி, "இதுதான் உன் நோ" என்று நாங்கள் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

பீஸ் விஷயத்தில் இன்னும் ஒன்று. எக்ஸ்ரே நிழற்படம். தோளைக் கொஞ்சம் திருப்பி வைத்து எடுத்தாலே பீஸின் நிழல் வேறு இடத்தில் விழும். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால், அசையாத பீஸும் நகர்ந்த மாதிரித் தெரியும். ஒரே நிலையில் வைத்து எடுத்த படங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஐயா இப்படித்தான் வந்தார். ஊரைச் சொல்லவில்லை, A9 வீதிக்குக் கிழக்கே என்று மட்டும் வையுங்கள். எக்ஸ்ரேயை உரப்பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி கொண்டுவந்தார். வலது கையைத் தூக்கச் சொன்னேன். தோள் மட்டத்துக்கு வந்ததும் முகம் சுளித்தது, கை நின்றது. "இதுக்கு மேல போனா பீஸ் நரம்பில ஏறும்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. அவரே கணக்குப் பார்த்துக்கொண்டது. சரி, சட்டையைக் கழற்றுங்கள், தோளைப் பார்ப்போம் என்றேன். கழற்றினார், வைக்க இடம் தேடினார், தன் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருந்த ஜன்னல் கம்பியில் அதே வலது கையால் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. மகளோடு வயல் விதைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் அதைச் செய்தார்.

அதை நான் கண்டேன், சொல்லவில்லை. "பாத்தீங்களா ஐயா, கை போகுதே!" என்று சொல்லியிருந்தால், நான் அவரைப் பொய்க்காரன் என்கிறேன் என்றுதான் அவருக்குக் கேட்டிருக்கும். அவர் பொய் சொல்லவே இல்லை. நான் தூக்கச் சொன்னபோது அவருடைய மூளை பீஸைப் பார்த்துக்கொண்டு தூக்கியது. சட்டையைத் தொங்கவிட்டபோது கம்பியைப் பார்த்துக்கொண்டு தூக்கியது. தோள் ஒன்றுதான், பீஸும் ஒன்றுதான். அடுத்த கிழமைகளில் நான் கொடுத்த பயிற்சி எல்லாம் கம்பியைப் பார்க்க வைக்கிற பயிற்சிதான்: கயிற்றில் உடுப்புக் காயப் போடுவது, மாட்டுக்குக் குழை வெட்டிப் போடுவது, பரணில் இருந்து சாமான் எடுப்பது. ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் மேலே போய், ஒன்றும் நடக்காமல் திரும்பி வரும். மூளை அதை எழுதிக்கொள்ளும். நான் சொன்னால் நம்பாதது, தன் கை சொன்னால் நம்பும்.

எங்கள் இடத்தில் இதை விளக்க வெளிநாட்டு ஆய்வுகூடத் தேவையில்லை என்று சில நேரம் நினைப்பேன். 2009இல் காயப்பட்ட எத்தனை பேர், "பட்டது தெரியாது அண்ணா, சட்டை நனைஞ்சதுதான் தெரிஞ்சுது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது நோவைப் பார்க்க மூளைக்கு நேரமில்லை, நேரம் கிடைத்த பிறகுதான் நொந்தது. ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க டொக்டர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலிப் போர்முனையில் கடுமையாகக் காயப்பட்ட 215 பேரைக் கேட்டு 1946இல் எழுதினார். நான்கில் மூன்று பங்கினர் நோ மருந்து வேண்டாம் என்றார்கள். காயம் என்றால் அவர்களுக்கு உயிரோடு வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம் என்று அவர் விளக்கினார். எங்கள் ஆட்களுக்குப் போக வீடு இருக்கவில்லை. ஆகவே அந்த விளக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் காயத்தின் அளவும் நோவின் அளவும் ஒன்றல்ல என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

வற்றாப்பளைப் பொங்கலைப் பாருங்கள். விரதம் இருந்து, நேர்த்தி வைத்து, முதுகில் செடில் குத்தித் தூக்குக்காவடியில் வருகிற பொடியனின் முகத்தில் நோவைத் தேட வேண்டும். அப்படிக் காவடி எடுக்கிற ஒருவர் காலில் ஆணி குத்தி வந்து, ஏற்பு ஊசியைக் கண்டதும் கதிரையில் சாய்ந்துவிட்டார். கேலி செய்யவில்லை. அம்மனுக்கு முன்னால் அந்தக் கொக்கிக்கு ஒரு அர்த்தம் இருந்தது, ஊசிக்கு அவரிடம் பயம் மட்டும்தான் இருந்தது. இதே மாதிரி, −20 பாகை குளிர்ந்த கம்பியைக் கையில் ஒரு கணம் வைத்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் நோ கூடுகிறது, நீல விளக்கு எரிந்தால் நோ குறைகிறது என்று 2007இல் கண்டார்கள். சிவப்பு என்றால் சூடு, ஆபத்து. ஒரு விளக்கின் நிறத்துக்கே இவ்வளவு என்றால் 'பீஸ்' என்ற சொல்லுக்கு வன்னியில் எவ்வளவு இருக்கும்! அப்பாவுக்கு அது வெறும் இரும்புத் துண்டு இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் அவருக்கு எந்த நாள் நினைவுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியாது. நித்திரை, பழைய பயம், கெட்ட கனவு இவையும் நோவின் கதவைத் திறக்கிறவைதான். அப்பா இரவில் நித்திரை கொள்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள்.

மிதிவெடியில் கால் போனவர்களைத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இல்லாத காலின் பெருவிரல் நோகும். நோவுக்கு இறைச்சியும் எலும்பும் கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மூளையிடம் காலின் வரைபடம் இருக்கிறது, அங்கே ஒரு கால் இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. தமிழரான நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கை மாதிரிக் காட்டிச் சிலருக்கு இந்த நோவைக் குறைத்தார். எல்லோருக்கும் வேலை செய்யாது, ஆனால் செலவு ஒரு கண்ணாடிதான்.

இனிக் கடிவாளத்தைப் பிடிக்கிறேன். இதை வாசித்துவிட்டு யாராவது "எல்லாம் நம்பிக்கையில் சரியாகும்" என்று கிளம்பினால் அது என் பிழை. 2011இல் ஆஸ்மா நோயாளிகளுக்கு உண்மையான பம்மையும் வெறும் பம்மையும் கொடுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு சுகம் என்று கேட்டால் உண்மைப் பம்முக்கு 50 வீதம், வெறும் பம்முக்கு 45 வீதம், கிட்டத்தட்டச் சமம். ஆனால் மூச்சை ஊதச் சொல்லி அளந்தால் உண்மை மருந்தில் 20 வீதம் கூடியது, வெறும் பம்மில் 7 வீதம்தான். சுகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மூச்சு அடைபடலாம். எதிர்பார்ப்பு நோவை மாற்றும், களைப்பை மாற்றும், குமட்டலை மாற்றும். சீழை வடிக்காது, சீனியைக் குறைக்காது, புற்றுநோய்க் கட்டியைக் கரைக்காது. எண்ணெய் போடுகிற பரியாரியார் மணிக்கணக்கில் கையைப் பிடித்து, கதை கேட்டு, தடவிவிடுவதில் நோ குறைவதை நான் நம்புகிறேன். எங்களுக்கு ஓபிடியில் ஒரு ஆளுக்கு அந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. ஆனால் கை விறைக்கத் தொடங்கிய பிறகும் எண்ணெயோடு இருப்பது பிழை.

ஒப்பரேசன் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் முழங்கால் தேய்மானத்துக்கு உள்ளே குழாய் விட்டுக் கழுவுகிற, சுரண்டுகிற ஒப்பரேசன் செய்தார்கள். 180 பேர். ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் வெட்டித் தைத்துவிட்டார்கள், உள்ளே ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருடம் பார்த்தும் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. 2002இல் வெளிவந்தது. பீஸ் வேறு, முழங்கால் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "எடுத்தால் சரியாகும்" என்ற எதிர்பார்ப்பே எவ்வளவு பெரிய மருந்து என்று அது காட்டுகிறது. மூட்டிலும் நரம்பிலும் படாத ஒரு பீஸைத் தேடித் தோளை வெட்டினால், பீஸ் வரலாம், கூடவே வெட்டின தழும்பும் வரும். முடிவு சத்திரசிகிச்சை டொக்டருடையது. நான் அப்பாவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகே அந்தக் கதவைத் தட்டுவேன்.

அப்போ வீட்டில் என்ன செய்வது? முதலில், "மனசில" என்ற சொல்லைத் தம்பி நிறுத்த வேண்டும். அந்தச் சொல் அப்பாவைத் தன் நோவை நிரூபிக்க வைக்கிறது. நிரூபிக்க வேண்டிய ஆள் ஒவ்வொரு நிமிடமும் தோளைக் கவனித்துக்கொண்டே இருப்பார், கவனிக்கக் கவனிக்கக் கூடும். காலையில் எழுந்ததும் "அப்பா, நோ எப்படி?" என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். அன்பில்தான் கேட்கிறீர்கள், ஆனால் அப்பா உடனே தோளுக்குள் போய்த் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். "இண்டைக்கு எந்தப் பக்கம் தண்ணி கட்டப் போறீங்கள்?" என்று கேட்டால் மூளைக்கு வேறு வேலை கிடைக்கும்.

குளிசையை மரியாதையாகக் கொடுங்கள். சிரிக்காதீர்கள். பனடோலோ டொக்டர் எழுதித் தந்த வேறெதுவோ, எழுதின அளவில், எழுதின நேரத்தில், சாப்பாட்டோடா வெறும் வயிற்றிலா என்று கேட்டறிந்து, கதிரையில் இருத்தி, தண்ணீரோடு கொடுத்து, "அரை மணி, முக்கால் மணியில வேலை செய்யத் தொடங்கும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். ஒக்ஸ்போர்டில் 55ஐ 39 ஆக்கியது இவ்வளவுதான். அளவைக் கூட்ட வேண்டாம், ஊசிக்காக ஓடித் திரிய வேண்டாம்.

பொய்யும் வேண்டாம். 'தண்ணி ஊசி' போட்டு ஆளை ஏமாற்றுவதைச் சிலர் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். ஒரு நாள் தெரியவரும், அன்றோடு அடுத்த நல்ல மருந்தின் வேலையும் பாதி போய்விடும். ஏமாற்றத் தேவையும் இல்லை. லிஸ்பனில் நாட்பட்ட முதுகு நோக்காரர்களிடம், "இதில் மருந்து இல்லை, ஆனால் உடம்பு தானே பழகிப் பதில் சொல்லக்கூடும்" என்று உள்ளதைச் சொல்லியே வெறும் குளிசை கொடுத்தார்கள். மூன்று கிழமையில் வழக்கமான நோ ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. வழக்கமான வைத்தியத்தில் மட்டும் இருந்தவர்களுக்கு 9 வீதம். 2016இல் வந்த முடிவு. ஏன் என்று இன்னும் அடிபடுகிறார்கள், எனக்கும் முழுதாக விளங்கவில்லை.

தோளை நிறுத்தி வைக்க வேண்டாம். நோகாத வேலையில் தொடங்கி, கிழமைக்குக் கொஞ்சம் உயரம், கொஞ்சம் பாரம். மண்வெட்டியை உடனே வேண்டாம். முதலில் காயப் போடும் கயிற்றைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள், அப்பாவின் சாரத்தை அவரே போடட்டும். நொந்தால் நிறுத்தட்டும், அடுத்த நாள் திரும்பப் போடட்டும். பக்கத்து ஆஸ்பத்திரியில் பிசியோ இருந்தால் இரண்டு மூன்று தடவை காட்டுங்கள், தோள் மூட்டு இறுகிப் போயிருக்கிறதா என்று கையால் பார்த்தால்தான் தெரியும். அதை எழுத்தில் என்னால் செய்ய முடியாது.

பிறகு அந்த எக்ஸ்ரே. வீட்டில் பழைய படம் எங்கேயாவது பெட்டிக்குள் இருந்தால் தேடி எடுங்கள். கிளினிக் நாளில் இரண்டையும் கொண்டுபோய், டொக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பீஸ் மூட்டுக்குள் இருக்கிறதா, நரம்புக்குக் கிட்டவா, இரண்டு படமும் ஒரே நிலையில் எடுத்ததா. பதிலை அப்பாவின் முன்னால் சொல்லச் சொல்லுங்கள், வெளியே வந்து நீங்கள் சொன்னால் மகள் ஆறுதல் சொல்கிறாள் என்று நினைப்பார். எப்போதாவது எம்ஆர்ஐ ஸ்கானுக்கு அனுப்பினால், உள்ளே இரும்பு இருக்கிறது என்பதை அறைக்குள் போக முன்பே சொல்லிவிடுங்கள். அது காந்தம், அங்கே மட்டும் பீஸ் நகருமா என்ற பயம் நியாயமான பயம்.